104 சதவீதம் வந்த குழிதான் உங்கள் செட்டைத் தோற்கடிக்கிறது

கேள்வி இதுதான்: சாலை வேலை ஒன்றில் சப்கிரேடு லேயர் (சாலை அடுக்குகளுக்கு நேர் கீழே இறுக்கப்படும் மண் அடுக்கு), கிராவல் மண். லேப் ரிப்போர்ட்டில் எம்.டி.டி. (அதிகபட்ச உலர் அடர்த்தி) சி.சி.க்கு 1.98 கிராம், ஓ.எம்.சி. (அந்த அடர்த்தி கிடைக்கும் ஈரப்பதம்) 10.8 சதவீதம், ஒப்படர்த்தி 2.68. பத்துக் குழி எடுத்து சாண்ட் ரீப்ளேஸ்மென்ட் (குழியை மணலால் நிரப்பி மண்ணின் அடர்த்தியைக் காணும் சோதனை) செய்ததில் கிடைத்த காம்பாக்‌ஷன் சதவீதங்கள் 98.2, 97.4, 99.1, 96.3, 98.8, 97.9, 103.9, 98.5, 97.0, 98.9. சராசரி 98.6, தேவை 97. அடுத்த லேயர் போடலாமா? 96.3 வந்த இடத்தை என்ன செய்வது? நூறுக்கு மேல் எப்படி வரும்? கணக்கை முதலிலிருந்து ஒருமுறை சொல்ல முடியுமா?

இப்போதைக்கு அடுத்த லேயர் போடாதீர்கள். நீங்கள் கவலைப்படும் 96.3 அதற்குக் காரணம் இல்லை. 103.9 வந்த ஏழாம் குழிதான் காரணம். அது ஏன் என்று புரிய, முதலில் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

காம்பாக்‌ஷன் சதவீதம் என்பது ஒரு வகுத்தல். மேலே களத்தில் கிடைத்த உலர் அடர்த்தி, கீழே லேபில் கிடைத்த அதிகபட்ச உலர் அடர்த்தி. இரண்டுமே அளந்து பெற்ற எண்கள், இரண்டிலுமே பிழை வரலாம். சைட்டில் எல்லோரும் மேலே உள்ள எண்ணை மட்டும் சந்தேகப்படுவார்கள், கீழே உள்ளதை யாரும் தொடுவதில்லை.

மணலிலிருந்து தொடங்குவோம். ஐ.எஸ். 2720 (மண் சோதனைக்கான இந்தியத் தரநிலை) பாகம் 28 சொல்லும் மணல் 1 மி.மீ. சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் நிற்பது. சுத்தமானது, காய்ந்தது, ஒரே அளவு மணிகள் கொண்டது. மணல் ஊற்றும், அடியில் கூம்பு உள்ள சிறிய சிலிண்டருக்கான அளவீட்டுப் பாத்திரம் 100 மி.மீ. விட்டம், 150 மி.மீ. ஆழம். அதன் கொள்ளளவு 1178 சி.சி. இனி ஒரு குழியின் கணக்கை முழுதாகப் போடுகிறேன்.

மணலோடு சிலிண்டர்: 7500 கிராம்.
கூம்பை மட்டும் நிரப்பும் மணல் (கண்ணாடி மேல் மூன்று முறை ஊற்றி எடுத்த சராசரி): 450 கிராம்.
பாத்திரத்தையும் கூம்பையும் நிரப்பிய பின் சிலிண்டர்: 5330 கிராம்.
பாத்திரத்துக்குள் போன மணல்: 7500 − 5330 − 450 = 1720 கிராம்.
மணலின் அடர்த்தி: 1720 ÷ 1178 = 1.46.

இனி குழி.

குழியிலிருந்து எடுத்த ஈர மண்: 2556 கிராம்.
குழியையும் கூம்பையும் நிரப்பிய பின் சிலிண்டர்: 5298 கிராம்.
குழிக்குள் போன மணல்: 7500 − 5298 − 450 = 1752 கிராம்.
குழியின் கொள்ளளவு: 1752 ÷ 1.46 = 1200 சி.சி.
ஈர அடர்த்தி: 2556 ÷ 1200 = 2.130.

ஈரப்பதத்துக்கு ஒரு டப்பா. ஈர மண்ணோடு 148.6, ஓவனில் 105 முதல் 110 டிகிரியில் காய்ந்த பின் 138.5, வெறும் டப்பா 32.2. தண்ணீர் 10.1 கிராம், காய்ந்த மண் 106.3 கிராம். 10.1 ÷ 106.3 = 9.5 சதவீதம்.

உலர் அடர்த்தி: 2.130 ÷ 1.095 = 1.945.
காம்பாக்‌ஷன்: 1.945 ÷ 1.98 = 98.2 சதவீதம். உங்கள் முதல் குழியின் விடையும் இதுதான்.

ஐந்து நிமிட வேலை. ஆனால் இதே எடைகளை வைத்துக்கொண்டு வேறு வேறு விடை கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஈரப்பதம் வரும் இடத்தில். சிலர் 2.130-லிருந்து 9.5 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். அப்போது 1.928 வரும், அதாவது 97.4 சதவீதம். கழிக்கக் கூடாது, 1.095-ஆல் வகுக்க வேண்டும். வேறு சிலர் தண்ணீரை ஈர மண்ணின் எடையால் வகுப்பார்கள்: 10.1 ÷ 116.4 = 8.7. அப்போது உலர் அடர்த்தி 1.960, சதவீதம் 99.0. ஒரே குழி, ஒரே எடை, 97.4-லிருந்து 99.0 வரை. தேறுமா தோற்குமா என்பதே ஒரு சதவீதத்துக்குள் முடிவாகும் வேலையில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது பிழை ரேபிட் மாய்ஸ்சர் மீட்டரால் இன்னும் அதிகமாக நடக்கிறது. கால்சியம் கார்பைடு போட்டுக் குலுக்கும் அந்தக் குடுவையின் முள் காட்டுவது ஈர எடையின் மேல் வரும் சதவீதம். அதை அப்படியே கணக்கில் போடக் கூடாது. முள் 8.7 காட்டினால், 8.7 ÷ (100 − 8.7) × 100 = 9.5. இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு குழியும் உண்மையைவிடக் கொஞ்சம் நன்றாகத் தெரியும். தவறு எப்போதும் சாதகமான பக்கமே போவதால் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.

அடுத்தது மணல். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சாண்ட் ரீப்ளேஸ்மென்டின் உயிரே 1.46 என்ற அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. நீங்கள் குழியின் கொள்ளளவை நேராக அளப்பதில்லை, மணலின் எடையை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள். இரவில் மூட்டை திறந்து கிடந்து மணல் லேசாக ஈரம் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகள் ஒட்டிக்கொண்டு தளர்வாக விழும். அன்றைக்கு அதன் உண்மையான அடர்த்தி 1.43, ஆனால் உங்கள் ஷீட்டில் போன மாதத்து 1.46 இருக்கிறது. அப்போது மேலே போட்ட குழியின் உண்மைக் கொள்ளளவு 1752 ÷ 1.43 = 1225 சி.சி. உலர் அடர்த்தி 1.905 ஆகிறது. சதவீதம் 96.2. தோற்க வேண்டிய லேயருக்கு 98.2 என்று கையெழுத்துப் போட்டிருப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில், அதுவும் கடற்கரைப் பக்க வேலைகளில், மணலைத் தினமும் அளவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஒரு குழியில் போட்ட மணலை அள்ளி அடுத்ததற்குப் பயன்படுத்துவது நடைமுறையில் தவிர்க்க முடியாது. சரி, ஆனால் சலித்து, காய வைத்து, மறுபடி அளவிட்ட பிறகு மட்டும்.

சிலிண்டரில் மணலை ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்துக்கு நிரப்புங்கள், மேல் விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே. மணலின் உயரம் மாறினால் அது விழுந்து படியும் அடர்த்தியும் மாறும். மணல் இறங்கும்போது பக்கத்தில் வைப்ரேட்டர் ரோலர் ஓடக் கூடாது. அதிர்வில் மணல் நெருங்கிப் படிந்து அதிகமாக உள்ளே போகும், குழி பெரிதாகத் தெரியும், நியாயமாகத் தேற வேண்டிய லேயர் தோற்கும். ரோலர்க்காரரிடம் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொன்னால் போதும். தளத்தையும் மட்டமாகச் சுரண்டி, ட்ரே (குழி தோண்ட நடுவில் ஓட்டை உள்ள தட்டு) ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். ட்ரேக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடுக்கில் போகும் மணலும் குழிக் கணக்கில்தான் சேரும்.

குழியின் ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லேயர் 200 மி.மீ. இருக்க, 100 மி.மீ. மட்டும் தோண்டினால் ரோலர் நன்றாக அழுத்திய மேல் பாதியைத்தான் அளக்கிறீர்கள். பலவீனம் பெரும்பாலும் அடியில் இருக்கும். லேயரின் முழு ஆழத்துக்கும் தோண்டுங்கள். சிறிய சிலிண்டர் 150 மி.மீ. ஆழம் வரைக்கும், கல் அதிகம் இல்லாத மண்ணுக்குமானது. உங்கள் கிராவலுக்குப் பெரிய சிலிண்டர்தான் பொருத்தம்.

களிமண் கரை வேலைகளில் கோர் கட்டர் போடுபவர்களுக்கும் இங்கேயே ஒன்று. கட்டர் 100 மி.மீ. விட்டம், 130 மி.மீ. உயரம். கொள்ளளவு 1021 சி.சி. வருகிறது. பலர் மனக்கணக்காக ஆயிரம் என்று வைத்து வகுப்பார்கள். அங்கேயே இரண்டு சதவீதம் கூடிவிடும். விளிம்பு தேய்ந்த பழைய கட்டரை வெர்னியரில் அளந்து, அதன் கொள்ளளவை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

இனி வகுத்தலின் கீழே உள்ள எண். எம்.டி.டி. என்பது மண்ணின் மாறாத குணம் இல்லை, அந்த மண்ணை எவ்வளவு பலமாக இடித்தோம் என்பதைப் பொறுத்தது. ரால்ஃப் புரோக்டர் 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் குடிநீர் அணைகளின் மண்கரைகளுக்காக இந்தச் சோதனையை எழுதியபோது இருந்த ரோலர்கள் இலகுவானவை. அந்த வழியில் வந்த லைட் காம்பாக்‌ஷனில் (ஐ.எஸ். 2720 பாகம் 7) 2.6 கிலோ சுத்தியல், 310 மி.மீ. உயரம், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 இடி. கனரக ரோலர்களும் கனரக வண்டிகளும் வந்த பின் ஹெவி காம்பாக்‌ஷன் (பாகம் 8): 4.9 கிலோ, 450 மி.மீ., ஐந்து அடுக்கு, 25 இடி. ஆற்றலைக் கணக்கிட்டால் ஹெவி ஏறக்குறைய நாலரை மடங்கு.

அதனால் ஒரே மண்ணுக்கு ஹெவியில் 1.98 வந்தால் லைட்டில் 1.87 வரலாம். நாம் மேலே கண்டுபிடித்த 1.945-ஐ 1.87-ஆல் வகுத்தால் 104 சதவீதம். களத்தில் எதுவும் மாறவில்லை, கீழே உள்ள எண் மட்டும் மாறியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஸ்பெசிஃபிகேஷன் சப்கிரேடுக்கு 97, கரைக்கு 95 என்று சொல்வது ஹெவியின் மேல். எல்லாக் குழியும் 102, 103 என்று வரும் சைட்டைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது லேப் ரிப்போர்ட்டைத்தான்: லைட்டா, ஹெவியா? எந்த பாரோ ஏரியா (மண் வெட்டி எடுக்கும் இடம்) மண்? வளைவில் உச்சிக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள் இருக்கின்றனவா? உச்சியைத் தாண்டாமல் ஏறிக்கொண்டே முடியும் வளைவின் கடைசிப் புள்ளியை எம்.டி.டி. என்று எழுதிய ரிப்போர்ட்டுகளும் உலவுகின்றன.

உங்கள் சைட்டில் ஒன்பது குழிகள் 96-க்குச் சற்று மேலிருந்து 99-க்குச் சற்று மேல் வரை நெருக்கமாகவே இருக்கின்றன. எனவே கீழே உள்ள எண்ணில் பெரிய கோளாறு இல்லை. ஏழாம் குழி மட்டும் தனியாக நிற்கிறது. அதன் ஷீட்டில் ஈரப்பதம் என்ன என்று பாருங்கள். உதாரணத்துக்கு 12.4 இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு பரிசோதனை செய்வோம். மண்ணில் காற்றே இல்லாமல், எல்லா இடுக்கிலும் தண்ணீர் மட்டும் நிரம்பியிருந்தால் வரக்கூடிய உலர் அடர்த்தி எவ்வளவு? ஒப்படர்த்தியை (1 + ஈரப்பதம் × ஒப்படர்த்தி)-ஆல் வகுக்க வேண்டும்.

2.68 ÷ (1 + 0.124 × 2.68) = 2.01.

12.4 சதவீத ஈரத்தில் இந்த மண் இதற்கு மேல் இறுகவே முடியாது, எந்த ரோலர் ஓட்டினாலும். ஆனால் 103.9 சதவீதம் என்றால் 1.98 × 1.039 = 2.057. எல்லையைத் தாண்டிவிட்டது. அப்படியானால் அது நல்ல காம்பாக்‌ஷன் இல்லை, தவறான அளவு. நூறுக்கு மேல் எது வந்தாலும் இந்த ஒரு வரிக் கணக்கைப் போடுங்கள். எல்லைக்குள் இருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம், 101 வருவதில் அதிசயம் எதுவும் இல்லை. எல்லைக்கு வெளியே போனால் வாதத்துக்கே இடமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரும்புச் சத்து நிறைந்த செம்பாறைக் கிராவலில் ஒப்படர்த்தி 2.68-ஐவிட நன்றாகவே கூடும். வழக்கமான எண்ணை எழுதிவிடாமல் பிக்னோமீட்டரில் அளந்ததா என்று லேபைக் கேளுங்கள். இன்னொன்று, ஓ.எம்.சி.யிலிருந்து ஒரு சதவீதம் மேலே, இரண்டு சதவீதம் கீழே என்பதுதான் அனுமதி. உங்களுக்கு 8.8 முதல் 11.8 வரை. 12.4 வந்திருந்தால் அந்த இடத்தில் ரோலர் ஓடியதே தவறு.

இப்படி ஒரு எண் எப்படி வரும்? கிராவலில் நான் அதிகம் பார்த்த காரணம் கல். குழியின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லை ஆள் பெயர்த்து எடுத்துவிடுவார். கல்லின் எடை மண்ணோடு சேர்ந்துவிடும், ஆனால் அது இருந்த பொந்துக்குள் மணல் முழுதாகப் போகாது. எடை கூடுகிறது, கொள்ளளவு குறைகிறது. அப்புறம், குழியின் அடியில் உதிரி மண் கிடந்தாலும் அடர்த்தி கூடுதலாகவே வரும், ஏனென்றால் உதிரி மண் தன் எடைக்கு அதிகமான இடத்தை அடைத்துக்கொள்கிறது. பிரஷ் வைத்துக் கடைசித் துகள் வரை எடுங்கள்.

கல் அந்த இடத்தில் உண்மையிலேயே அதிகமாகவும் இருக்கலாம். லேபில் 19 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லைச் சலித்து எடுத்துவிட்டுத்தான் எம்.டி.டி. கண்டிருப்பார்கள், குழியில் கல்லோடு சேர்த்து எடை போடுகிறோம். இரண்டும் ஒரே பொருள் இல்லை. குழி மண்ணைச் சலித்ததில் 15 சதவீதம் கல், கல்லின் அடர்த்தி 2.62 என்றால்:

1 ÷ (0.85 ÷ 1.98 + 0.15 ÷ 2.62) = 2.055.

அந்தக் குழிக்கு வகுக்க வேண்டிய எண் 1.98 இல்லை, 2.055. 103.9 என்று தெரிந்தது 100.1 ஆகிவிடும். ஆனாலும் காற்றற்ற எல்லைக் கணக்கு ஒத்துவராதவரை இந்தத் திருத்தத்தை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே புதுக் குழி எடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். சராசரி 98.6, தேவை 97, தேறிவிட்டது என்கிறீர்கள். அமைச்சக ஸ்பெசிஃபிகேஷன் வெறும் சராசரியை ஏற்பதில்லை. ஒரு தனிக் குழியை வைத்தும் முடிவெடுக்கச் சொல்வதில்லை. சராசரியானது, குறிப்பிட்ட அடர்த்தியோடு சிதறலுக்கான ஒரு தொகையைக் கூட்டியதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தத் தொகை எப்படி வரும்? 1.65-ஐக் குழி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, வந்ததை 1.65-லிருந்து கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) பெருக்க வேண்டும். பத்துக் குழிக்குப் பெருக்கும் எண் 1.128, ஐந்துக்கு 0.912. சப்கிரேடுக்குக் குறைந்தது பத்துக் குழி கொண்ட செட். எல்லாக் குழிக்கும் எம்.டி.டி. ஒன்றே என்பதால் அடர்த்திக்குப் பதில் சதவீதத்திலேயே போடலாம், விடை மாறாது.

உங்கள் பத்து எண்களின் திட்ட விலக்கம் (ஒன்பதால் வகுத்தது) 2.07. வேண்டிய சராசரி 97 + 1.128 × 2.07 = 99.3. உங்களிடம் இருப்பது 98.6. செட் தோற்றுவிட்டது.

இப்போது ஏழாம் குழியை மறுபடி சரியாக எடுத்து, மற்றவற்றைப் போல 98.4 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 98.05-ஆகக் குறைகிறது. ஆனால் திட்ட விலக்கம் 0.90-ஆகிவிடுகிறது. வேண்டியது 97 + 1.128 × 0.90 = 98.02. தேறுகிறது, மயிரிழையில். அதிக சராசரி தோற்க, குறைந்த சராசரி தேறுகிறது. இந்த விதி கேட்பது இதைத்தான்: லேயர் முழுக்க ஒரே மாதிரி இறுகியிருக்கிறதா? ஓரிடத்தில் 104, இன்னோரிடத்தில் 93 என்று இருக்கும் சாலையின் சராசரி அழகாக இருக்கும். முதல் மழைக்கு அந்த 93 இருக்கும் இடம் உட்காரும், மேலே போட்ட தார் அங்கே விரிசல் விடும்.

98.4 என்று நான் போட்டது கணக்கைக் காட்ட மட்டும். தயவுசெய்து அந்த எண்ணை ஷீட்டில் எழுதி முடித்துவிடாதீர்கள். மறுகுழியில் என்ன வருகிறதோ அதை எழுதுங்கள். பழைய 103.9-ஐ அழிக்காமல், ஏன் தள்ளினோம் என்று காற்றற்ற எல்லைக் கணக்கோடு பக்கத்தில் குறித்து வையுங்கள். காரணம் எழுதாமல் ஒரு முடிவைத் தூக்கி எறிவது, பிடிக்காத எண்ணை மறைப்பதாகவே படிக்கப்படும், அப்படிப் படிப்பவரைக் குறை சொல்லவும் முடியாது.

96.3 வந்த நான்காம் குழியை விதி தனியாகத் தோற்கடிக்கவில்லை. ஆனால் மயிரிழையில் தேறும் செட்டில் அதை அப்படியே விட மாட்டேன். அந்தக் குழியின் ஈரப்பதத்தைப் பாருங்கள். 8.8-க்குக் கீழே இருந்தால் மேலே வெறுமனே ரோலர் ஓட்டிப் பயனில்லை. லேயரைக் கிளறி, தண்ணீர் தெளித்து, கலந்து, பிறகு ஓட்ட வேண்டும். ஈரம் சரியாக இருந்தால் நான்கு பக்கமும் வரிசையாகக் குழி எடுத்துப் பார்த்துப் பலவீனமான பகுதியைச் சுண்ணாம்பால் குறித்து, கூடுதலாக இரண்டு மூன்று பாஸ் கொடுத்து, அந்தப் பகுதியில் புதிதாகக் குழி எடுங்கள். எடுத்த குழிகளையெல்லாம் அதே மண்ணால், அதே ஈரத்தில், அடுக்கடுக்காகக் கையால் இடித்து மூடிய பிறகுதான் மேல் லேயருக்கு லாரி இறங்க வேண்டும்.